வீட்டுக்கு ஒரு விசில்

வின்னிபெக்
செப்டம்பர் 14, 1998

அன்புள்ள வில்மா அக்காவுக்கு,

எம்மெட் எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. தனியாக ஒரு கடிதம் எழுதும் அளவுக்கு அதனிடம் புகார் இருக்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த புது மிஷினைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை பழையபடி சர்க்கரை டப்பாவில் போட்டு மூடிவிட்டாயா? போனில் உன்னோடு கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது, அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஹாலோவே ஸ்டேஷனை மியூசியமாக்குகிறார்களே, அதை நடத்தும் தெரசா எனக்கு எழுதியிருந்தாள். ஏப்ரலில் திறப்பு விழா. சிக்னல் இஞ்சினியராக இருந்தவன், ரயில் பைத்தியம், இந்த ஊர்ப் பையன் என்று மூன்று தகுதி எனக்கு இருக்கிறதாம். அதனால் வந்து நாலு கதை சொல்ல வேண்டுமாம். நாலென்ன, நாற்பது சொல்வேன். கேட்க ஆள் வேண்டுமே. தேனிலவுக்கு நயாகரா போய், அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாலத்தில் சரக்கு வண்டி பார்த்தவன் நான். ஐரீன் உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது. இப்போது சொல்லிக் காட்டவும் ஆள் இல்லை.

மியூசியத்துக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்று கீழறையைக் குடைந்தபோது பழைய டேப் ஒன்று கிடைத்தது. நினைவிருக்கிறதா? முதல் சம்பளத்தில் ஒரு ரெக்கார்டர் வாங்கி, அந்தப் பாறாங்கல்லை உன் வீட்டுக்குச் சுமந்து வந்தேன். கொல்லையில் விறகுக் கொட்டகை பல்பிலிருந்து கரண்ட் இழுத்து, மில் ரோடு கேட்டைத் தாண்டும் வண்டியைப் பதிவு செய்தேன். அது லோர்ன் அத்தானின் கடைசி வண்டி. அன்று பெட்டியில் போட்டு மூடியதுதான், இன்றுவரை கேட்கவில்லை. தைரியமில்லை.

தெரசா அதைக் கேட்கிறாள். சுவரில் ஒரு பித்தான் வைப்பார்களாம். அழுத்தினால் வண்டி வரும், விசில் ஊதும். கேட்டைத் தாண்டியதும் உனக்கென்று அத்தான் தனியாக ஒன்று ஊதுவாரே, அதுவும் அதில் இருக்கலாம். ரயிலே இல்லாத ஊரில் அவர் விசில் மறுபடி கேட்கட்டுமே அக்கா. டேப் என்னுடையது, விசில் உன்னுடையது. நீ சரி என்றால்தான் கொடுப்பேன்.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
எம்மெட்


ஹாலோவே
அக்டோபர் 19, 1998

அன்புள்ள எம்மெட்,

கடிதம் வந்தது. நான் கல்லு மாதிரி இருக்கிறேன். மிஷின் சர்க்கரை டப்பாவில்தான் இருக்கிறது. போட்டால் என் கரண்டி விழுகிற சத்தம் எனக்கே இடி மாதிரி இருக்கிறது. ஊர் பேசுவதில் பாதியைக் கேட்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. உருளைக்கிழங்கு இந்த வருஷம் சுமார். தண்டவாளம் எடுத்த பாதையில் பனி ஸ்கூட்டர் ஓட்டும் தடியன்கள் இப்போதே கிளம்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மார்ஜ் இடுப்பை உடைத்துக்கொண்டாள். அவளுக்கு வெண்ணெய் டார்ட் சுட்டுக் கொண்டுபோனேன். அழுதாள். டார்ட்டுக்காகவா இடுப்புக்காகவா தெரியவில்லை.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஐரீன் கல்லறைக்கு இலையுதிர் காலப் பூ வைத்தாயா?

டேப்பைக் கொடுக்காதே.

உன் அக்கா,
வில்மா


வின்னிபெக்
அக்டோபர் 30, 1998

அன்புள்ள அக்கா,

ஒத்தடம் கொடுத்தேன். பூவும் வைத்தேன். உருளைக்கிழங்குக்கும் மார்ஜின் இடுப்புக்கும் அத்தனை வரி எழுதியவள், நான் கேட்டதற்கு ஒரே வரியா?

கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல். தெரசா சுவரில் எழுதப்போகும் வாசகத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாள். ஆற்று வளைவில் கவிழ்ந்த வண்டி, இறந்தவர் இருவர், எஞ்சின் டிரைவர் லோர்ன் ஹேக்கெட், கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் கால்வின் ரீட். அதன் கீழே, 'டிரைவர் வேகத்தைக் குறைக்காததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.' அவ்வளவுதான். அந்த மனுஷனைப் பற்றி உலகத்துக்கு மிஞ்சப்போவது அந்த ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் அவர் விசிலாவது இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். நம் கூடப் பிறந்த கால்வினும் அதே வண்டியில்தானே போனான். எனக்கு மட்டும் வலிக்காதா?

தெரசாவுக்காகப் பழைய கதைகளை எழுதிப் பார்க்கிறேன். அந்த லைனில் சிக்னல் போட்டவனும் நான், கழற்றியவனும் நான். ஒரு மனுஷனுக்கு இதைவிடக் கேவலமான உத்தியோகம் உண்டா, சொல். கடைசியாக உன் வீட்டுக்குப் பின்னால் மில் ரோடு கேட் மணியைக் கழற்றினோம். கரண்ட்டை நானே துண்டித்தேன். துண்டித்த பிறகு அது ஒரே ஒரு தடவை அடித்தது. கூட இருந்த ஆள் தொப்பியைக் கழற்றிவிட்டான். பாட்டரியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது என்று ரிப்போர்ட் எழுதினேன். இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

நீ அப்போது சமையலறை ஜன்னலில் நின்றிருந்தாய். நான் கை காட்டினேன். நீ என்னைப் பார்க்கவில்லை, ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய்.

எழுது.

உன் எம்மெட்


வின்னிபெக்
டிசம்பர் 2, 1998

அன்புள்ள அக்கா,

ஒரு மாதமாகிவிட்டது, பதில் இல்லை. மார்ஜுக்குப் போன் செய்தேன். "அவளுக்கென்ன, நேத்துக்கூட பனி அள்ளிக்கிட்டிருந்தா" என்றாள். ஆக, உடம்புக்கு ஒன்றுமில்லை.

எங்கள் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே தெரியவில்லையா, விளக்கு அணைந்திருக்கிறதா, அதைச் சிவப்பு என்றே எடுத்துக்கொண்டு வண்டியை நிறுத்து. பச்சையாக இருந்திருக்கும் என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே. உன் மௌனத்தை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் நான் நிற்கவில்லை. தப்புதான்.

ரெக்கார்டருக்குப் புது வார் போட்டு ஓடவிட்டேன். முதலில் என் குரல், 'பதினோரு மணி, மேகமூட்டம்' என்று. அந்தக் குரலுக்கு இருந்த கர்வத்தைக் கேட்டால் அறையலாம் போலிருக்கிறது. பிறகு ஒரு காகம். பிறகு தூரத்தில் வண்டி. கேட்டுக்கு முன்னால் ஊதும் விசில் வந்தது. நீளம், நீளம், குட்டை, நீளம்.

அக்கா, அது அத்தானுடைய கை இல்லை.

விசில் கயிற்றைப் பிடிக்கும் கை ஒவ்வொரு டிரைவருக்கும் ஒவ்வொரு மாதிரி. அத்தான் கடைசி நீளத்தைக் கேட் தாண்டும்வரை இழுத்துப் பிடிப்பார். இதில் அந்தக் கடைசி நீளம் பாதியில் அறுந்து நிற்கிறது. எதையும் பாதியில் விடுகிறவன் நம் வீட்டில் ஒருத்தன்தான். டிரைவர் இடத்தில் கால்வின் உட்கார்ந்திருந்தான்.

அதற்குமேல் கேட்க முடியாமல் மிஷினை அணைத்துவிட்டேன். கொல்லையிலேயே நின்றிருந்தேனே, எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். எஞ்சினை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உனக்கு இது தெரியுமா?

எம்மெட்


ஹாலோவே
டிசம்பர் 11, 1998

எம்மெட்,

தெரியும்.

ரயிலைப் பார்க்கப் போனவன் ரயிலைப் பார்க்கவில்லை. நான் சமையலறையில் நின்றே பார்த்துவிட்டேன், காதால். அந்த விசிலைக் கேட்டுத்தான் எட்டு வருஷம் அடுப்பில் உருளைக்கிழங்கு ஏற்றினேன். யார் கை என்று எனக்குத் தெரியாதா?

விசாரணைக்கு வந்தவர்கள் இதே சமையலறையில் உட்கார்ந்து என் காபியைக் குடித்தார்கள். "ஏதாவது சொல்லணுமா, மிசஸ் ஹேக்கெட்?" என்று கேட்டார்கள். அம்மா பக்கத்து அறையில் கால்வினின் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை இழந்தவளிடம் போய், கவிழ்த்ததும் உன் பிள்ளைதான் என்று சொல்லச் சொல்கிறாயா? லோர்னுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை. நான்தான் இருந்தேன். நான் தாங்கிக்கொண்டேன். சர்ச்சில் எனக்கு முன் வரிசை காலியாகவே இருக்கும், யாரும் உட்கார மாட்டார்கள். அதையும் தாங்கிக்கொண்டேன்.

அம்மா போன பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அதற்குள் லைனே போய்விட்டது. யாரிடம் சொல்ல?

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. அந்த விசில் இன்னும் வருகிறது. சாப்பாட்டு நேரத்துக்கு, ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து. தண்டவாளம் இல்லை, மிஷின் சர்க்கரை டப்பாவில் கிடக்கிறது, மார்ஜ் வந்து வாசலில் கத்தினாலும் எனக்குக் கேட்பதில்லை. ஆனால் இது கேட்கிறது. நீளம், நீளம், குட்டை, அப்புறம் அந்தப் பாதி. நான் கையில் பாத்திரத்தோடு மிச்சத்துக்காக நிற்கிறேன். மிச்சம் வருவதே இல்லை.

இதற்கு ஒரு பித்தான் வேறு வைக்கப்போகிறீர்களா?

வில்மா


வின்னிபெக்
டிசம்பர் 28, 1998

அன்புள்ள அக்காவுக்கு, புது வருஷ வாழ்த்துகள்.

மூன்று தடவை எழுதிக் கிழித்த பிறகு இதை எழுதுகிறேன். நீ சொன்னதற்கு நான் சிரிக்கவில்லை. கரண்ட் இல்லாமல் மணி அடித்ததைக் கேட்டவன் எதற்குச் சிரிக்கப்போகிறேன்?

நீ இத்தனை வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறாய். நான் கிறிஸ்துமஸுக்கு வந்து கால் நீட்டி உட்கார்ந்து வான்கோழி தின்றுவிட்டு, எஞ்சின் நம்பர்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது அக்கா. அதைத்தான் எழுத நினைத்தேன்.

தெரசாவுக்கு முடியாது என்று சொல்லிவிடுகிறேன். டேப்பை என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல். எரிக்கச் சொன்னால் எரித்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் என் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஃபயர்மேனை ஓட்டவிடுவது அப்போது எல்லா டிரைவரும் செய்ததுதான். யாரும் வெளியே சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். கால்வினும் டிரைவர் பரீட்சைக்கு உட்காரவிருந்தான். ஆனால் அத்தான் இடத்தைத்தான் கொடுத்தார், உனக்கு ஊதுவதை விட்டுக்கொடுப்பாரா? கேட்டைத் தாண்டியதும் உனக்கென்று ஊதுவாரே, அன்று ஊதவில்லையா?

எம்மெட்


ஹாலோவே
ஜனவரி 24, 1999

அன்புள்ள எம்மெட்,

இங்கே குளிர் மைனஸ் முப்பதுக்குக் கீழே. குழாய் உறைந்து இரண்டு நாள் பனியை உருக்கித் தேநீர் போட்டேன். நான் நலம். நீ வெளியே போகாதே, விழுந்து வைப்பாய்.

நீ கேட்டதை யாருமே இதுவரை கேட்டதில்லை. அதனால்தான் எழுத இத்தனை நாள் ஆயிற்று.

அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. பனி உருகும் காலம், ஆற்று வளைவில் மண் இளகிக் கிடந்தது. "இன்னைக்கு மட்டும் கால்வின்கிட்ட வண்டிய குடுக்காதீங்க. அவன் துள்ளிக் குதிக்கிற வயசு, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். லோர்ன் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "சரி, குடுக்கல, போதுமா?" என்றார். நான் விடவில்லை. "நீங்க சொன்னா சொன்னபடி நடக்கிற ஆளா?" என்று கேட்டுவிட்டேன். அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

வண்டி வருகிற நேரத்துக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன், எப்போதும்போல. கேட்டுக்கான விசில் வந்தது. கால்வின் கை. வாக்குக் கொடுத்துவிட்டு நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. என்ன மனுஷன் இவர் என்று வந்தது பார் கோபம், ஜன்னலை அறைந்து சாத்தினேன். நேரே நிலவறைக்குப் போய்த் துணி துவைக்கும் மிஷினைப் போட்டேன். அது தடதடவென்று ஆடியது. நானும் அதன் பக்கத்தில் நின்று தடதடவென்று திட்டிக்கொண்டிருந்தேன்.

லோர்ன் எனக்கு ஊதுவது உனக்குத் தெரியும், கயிற்றை ஒரு நூல் இழுப்பார். பால் பொங்கி மூடியைத் தூக்குகிற சத்தம்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. நிலவறைக்கு எப்படிக் கேட்கும்?

அன்று எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஊதவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். உங்கள் சிக்னல் பாடம் எனக்கும் தெரியும், டிரைவர் பெண்டாட்டி நான். இல்லை என்றால் சிவப்பு. என் மேல் கோபத்தோடு போய்விட்டார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறேன். அந்த வீறாப்பில்தானோ என்னவோ, பழி அவர் மேல் கிடக்கட்டும் என்று விடவும் முடிந்தது.

டேப்பை எரிக்க வேண்டாம். வைத்திரு. எனக்கு ஒன்றும் சொல்லாதே.

அக்கா


வின்னிபெக்
பிப்ரவரி 3, 1999

அன்புள்ள அக்கா,

ஒன்றும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொல்லப்போகிறேன். பிறகு நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி.

உன் கடிதத்தைப் படித்த கையோடு கீழறைக்குப் போனேன். போன தடவை அணைத்த இடத்திலிருந்து ஓடவிட்டேன். கால்வினின் விசில் அறுந்த இடத்துக்கு அடுத்தபடி, மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், 'டமார்' என்று ஒரு சத்தம். முதலில் டேப்பில் கோளாறு என்று நினைத்தேன். அது உன் ஜன்னல், அக்கா. நீ சாத்தியது டேப்பில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எஞ்சின் கேட்டைக் கடக்கிறது, பெட்டிகள் தடதடவென்று வருகின்றன. அந்தத் தடதடப்புக்கு அடியில் ஏதோ இருந்தது. ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கூட்டி, திரும்பத் திரும்ப ஓட்டினேன். காதில் நம்பிக்கை வராமல், மேலே போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி கேட்டேன்.

ஊதியிருக்கிறார்.

உனக்குப் போனில் கேட்காது, அதனால் வரைகிறேன். சிக்னல்காரனுக்குக் கோடு போடத்தான் தெரியும்.

கால்வின்:  ━━━━  ━━━━  ━  ━━
உன் ஜன்னல்:  ▌
அத்தான்:  ─────────﹏﹏──╱

மெல்லியது, நீளமானது. நடுவில் குழைந்து இறங்கி, கடைசியில் ஒரு குட்டி ஏற்றம். இந்த உலகத்தில் வேறு யாரும் அப்படி ஊதியதில்லை. ஓட்டும் இடத்தில் கால்வின் உட்கார்ந்திருக்க, அவன் தலைக்கு மேல் கையை நீட்டிக் கயிற்றை இழுத்திருக்கிறார். கோபக்காரன் அப்படி ஊத மாட்டான். எப்போதும் ஊதுவதைவிட நீளம் அது, சமாதானம் பண்ணுகிற மாதிரி. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது அக்கா. நீ பார்க்க முடியாத இடத்தில் எரிந்தது.

டேப்பின் ஒரு பிரதியைத் தெரசாவிடம் அனுப்பியிருக்கிறேன். உறை ஒட்டித்தான் இருக்கிறது. வில்மா ஹேக்கெட் வந்து திறக்கச் சொன்னால்தான் திறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். நீ போகாவிட்டால் அது அப்படியே கிடக்கட்டும்.

எம்மெட்


வின்னிபெக்
மார்ச் 8, 1999

அன்புள்ள அக்கா,

பதில் இல்லை. இந்தத் தடவை நான் சிவப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை.

முழங்கால் தேவலை.

எம்மெட்


ஹாலோவே
ஏப்ரல் 5, 1999

என் அன்புத் தம்பி எம்மெட்டுக்கு,

நான் நலம். ஆற்றில் பனி உடைந்து போகிறது. சமையலறைக்குள் நின்றாலே தரை அதிர்வது காலுக்குத் தெரிகிறது.

இரண்டு மாதம் மியூசியம் இருக்கும் தெருவுக்கே போகாமல் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். நேற்று கால் தானாக அங்கே போய்விட்டது. தெரசா நல்ல பெண். எதுவும் கேட்காமல் நாற்காலி போட்டாள், உறையைக் கிழித்தாள். சர்க்கரை டப்பா மிஷினை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். வெறும் இரைச்சல். வண்டியா மழையா என்றே தெரியவில்லை. இதற்கா வந்தேன் என்று எழுந்துவிட்டேன்.

அப்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்து ஒலிபெருக்கியின் மேல் வைத்தாள். "இப்படிக் கேளுங்க ஆன்ட்டி. எங்க தாத்தா இப்படித்தான் பாட்டுக் கேப்பாரு" என்றாள். மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

உள்ளங்கையில் கால்வின் வந்தான். நீளம், நீளம், குட்டை, பாதி. பிறகு என் ஜன்னல் கையில் அறைந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை. பெட்டிகள் வந்தன. அவற்றுக்கு அடியில் ஒன்று, பூனை மடியில் படுத்துக்கொண்டு உறுமுகிற மாதிரி, இறங்கி, இறங்கி, கடைசியில் ஏறியது.

லோர்ன்தான்.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. தெரசாவும் அழுதாள், ஏன் என்று தெரியாமலே. பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் இருக்கும் அந்த வரியை அழித்துவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டினார்கள் என்று எழுதச் சொன்னேன். ஒரே கயிற்றில் இரண்டு பேர் கையும் இருக்கிறதே, அதுதானே உண்மை. பழி என்று ஒன்று இருந்தால் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளட்டும், இரண்டு பேரும் நம் வீட்டு ஆள்தானே. பித்தானையும் வைக்கச் சொல்லிவிட்டேன். முழுசாகப் போட வேண்டும், என் ஜன்னலை வெட்டக்கூடாது என்றேன்.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு நேரத்துக்குச் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தேன். நல்ல குளிர். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், இன்றைக்கு மிச்சமும் வரும் என்று.

எதுவுமே வரவில்லை, எம்மெட். பாதிகூட வரவில்லை. ஆற்றுப் பக்கம் வெறும் தண்ணீர். இருட்டுகிறவரை நின்றுவிட்டு, ஒரு ஆளுக்கு மட்டும் உருளைக்கிழங்கு போட்டுச் சாப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் நேற்றுத்தான் நான் இந்த வீட்டில் தனியாகச் சாப்பிட்டேன்.

திறப்பு விழாவுக்குச் சீக்கிரம் வா. நாற்பது கதையையும் கொண்டு வா. மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறேன்.

உன் அக்கா,
வில்மா